படைவீட்டிலிருந்து ஊர்மன்றத்திற்கு

களத்தில் வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுத்தது தமிழ் மரபு. கல்லைத் தேர்ந்து காண்பது தொடங்கி, அதனை நட்டு வாழ்த்துவது ஈறாக, அச்சடங்கின் படிநிலைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் முறைப்படுத்தி உரைக்கிறது. படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்களைத் திருவள்ளுவர் படைக்கென்றே ஒதுக்கினார். ஆயின், களத்திலிருந்து உயிருடன் மீண்டு, வேலைச் சுவரில் சாத்திவிட்டு, ஊரில் நெடுநாள் வாழ்ந்த வீரன் அவ்வூருக்கு என்ன செய்தான் என்னும் வினாவுக்கு நம் பழைய நூல்களில் விரிவான விடை கிடைப்பது அரிது. வீழ்ந்தவனுக்குக் கல் உண்டு. மீண்டவனுக்கு என்ன உண்டு?

இவ்வினா இன்று முன்னிலும் பெரிதாக நம்முன் நிற்கிறது. ஏனெனில், இக்காலப் படைவீரருள் மிகப் பெரும்பாலோர் மீண்டு வருபவரே. அதிலும் இளமை நீங்குமுன்பே மீண்டு வருகின்றனர். படை எப்போதும் இளமையுடன் இருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தரைப்படையின் கொள்கை. ஆதலால் சிப்பாயாகச் சேர்ந்த ஒருவர், பிற அரசு ஊழியரைப் போல அறுபது வயதை எட்டும்வரை பணியாற்றுவதில்லை. பதினைந்து ஆண்டுப் பணி நிறைந்தால் ஓய்வூதியத்திற்குத் தகுதி உண்டு. பதினெட்டிலோ இருபதிலோ சேர்ந்தவர் நாற்பதை ஒட்டிய வயதில் பெட்டியுடன் ஊர்ப் பேருந்தில் வந்து இறங்குகிறார். ஆண்டுதோறும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு சீருடை களைகின்றனர்.

அவர்களை நாம் எங்கே காண்கிறோம்? வங்கி வாயிலில் துப்பாக்கியுடன் நிற்கக் காண்கிறோம். தொழிற்சாலைக் கதவருகே வருகைப் பதிவேட்டுடன் காண்கிறோம். உழைத்து உண்பதில் தாழ்வு ஏதுமில்லை. எனினும், நூறு பேருக்கு வனாந்தரத்தில் நேரந்தவறாமல் உணவு வழங்கத் தெரிந்தவர், வரைபடத்தைப் படித்து வழி காணத் தெரிந்தவர், முதலுதவி அறிந்தவர், மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்டோருடன் ஒரே பாசறையில் பதினைந்து ஆண்டு உறங்கி எழுந்தவர், இத்தகைய ஒருவரிடம் கதவைத் திறந்து மூடும் பணியை மட்டுமே சமுதாயம் எதிர்பார்ப்பது பெரும் இழப்பாகும்.

திருக்குறளில் படையைப் பற்றிய அதிகாரங்கள் பொருட்பாலில் உள்ளன. ஊருக்கு உதவி வாழும் நெறியாகிய ஒப்புரவறிதல் அறத்துப்பாலில் உள்ளது. படைவீரர் ஒருவர் முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லும் வழி எளிதன்று. படையில் ஒரு கட்டளைக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. கீழ்ப்படியாதவருக்குத் தண்டனை உண்டு. ஊரில் ஒரு சொல்லுக்குப் பின்னால் நிற்பது சொன்னவரின் வாழ்க்கை மட்டுமே. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் எதனைச் சாதித்தார், உணரத் தவறிய இடத்தில் என்ன நேர்ந்தது என்பதை உண்மை நிகழ்வுகள் சிலவற்றைக் கொண்டு காண்போம்.

மகாராஷ்டிர மாநிலத்தில் அகமத்நகர் மாவட்டம் உண்டு. 2024ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் அகில்யாநகர். அம்மாவட்டத்தின் பார்நேர் வட்டத்தில் உள்ள சிற்றூர் ராளேகண் சித்தி. மழை மறைவுப் பகுதி. பெய்யும் மழையும் சரிவுகளில் ஓடி மறைந்துவிடும். 1970களில் அவ்வூரின் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. நிலத்தில் மிகச் சிறு பகுதிக்கே பாசனம் இருந்தது. விளைவது ஊருக்குப் போதவில்லை. கடனும் கூலிக்காக வெளியூர் செல்வதும் வழக்கமாயின. பிழைப்புக்கு வழி இல்லாத இடத்தில் சாராயம் பிழைப்பாயிற்று. முப்பதுக்கும் மேற்பட்ட சாராய அடுப்புகள் அச்சிற்றூரில் எரிந்தன. அடுப்புக்கு விறகு போதாமல் ஊர்க்கோவிலின் மரப்பலகைகளையே பெயர்த்துக்கொண்டு போயினர் என்பர்.

அவ்வூருக்கு 1975இல் திரும்பி வந்தவர் கிசன் பாபுராவ் ஹசாரே. அண்ணா ஹசாரே என்று பின்னாளில் நாடறிந்தவர். 1937இல் பிறந்தவர், ஏழ்மையால் பள்ளிக்கல்வியை இடையில் விட்டு மும்பையில் பூ விற்றவர். 1960களின் தொடக்கத்தில் தரைப்படையில் சேர்ந்து வண்டி ஓட்டுநரானார். 1965ஆம் ஆண்டுப் போரில் கேம்கரண் பகுதியில் நிகழ்ந்த தாக்குதலில் உடனிருந்தோர் மாண்டனர், இவர் பிழைத்தார். அனைவரும் இறக்க, தாம் மட்டும் எஞ்சியது ஏன் என்னும் கேள்வி அவரை விடவில்லை. மணம் செய்துகொள்வதில்லை என்றும் எஞ்சிய வாழ்வை ஊருக்கு ஈவதென்றும் முடிவு செய்தார்.

ஆயினும் மறுநாளே வேலையை உதறிவிட்டு வரவில்லை. இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். ஓய்வூதியத்திற்குரிய காலம் நிறையும்வரை காத்திருந்தே விலகினார். ஊருக்கு உழைக்கப் போகிறவர் ஊருக்குச் சுமையாகிவிடக் கூடாது என்னும் முன்னெண்ணம் அதில் இருந்தது. தொண்டைப் பற்றிப் பேசுவோர் உணர்ச்சியைப் பேசுவர். தொண்டரின் அரிசிச் செலவைப் பேசுவதில்லை. கையூட்டும் நன்கொடையும் வேண்டாத நிலை அவருக்கு அந்தச் சிறு ஓய்வூதியத்தால் வாய்த்தது. அவர் வாழ்ந்த இடமும் யாதவ்பாபா கோவிலை ஒட்டிய ஓர் அறையே.

முதலில் அவர் யாருக்கும் அறிவுரை கூறவில்லை. சிதைந்து கிடந்த அக்கோவிலைத் தம் வைப்புநிதியிலிருந்து கிடைத்த ஏறத்தாழ 20,000 ரூபாயைக் கொண்டு சீரமைக்கத் தொடங்கினார். பணத்தை எடுத்து வைத்ததைக் கண்ட பின்னரே ஊரார் மரமும் உழைப்பும் கொண்டுவந்தனர். படை நடத்துவோர் அறிந்த பழைய உண்மைதான் இது: முன்னே செல்பவரைத்தான் பின்னே வருவோர் நம்புவர். கோவில் எழுந்தபோது ஊரார் கூடி அமர ஓர் இடமும், கூடிச் செய்தால் ஒன்று முடியும் என்னும் நம்பிக்கையும் எழுந்தன.

அடுத்தது நீர். அரசு முன்னரே கட்டியிருந்த கசிவுநீர்க் குட்டை ஒன்று நீரைத் தேக்காமல் பழுதுற்றுக் கிடந்தது. ஊரார் தம் உழைப்பைச் சிரமதானமாக ஈந்து அதனைச் செப்பனிட்டனர். அடுத்த கோடையில், குட்டைக்குக் கீழே இருந்த ஏழு கிணறுகளில் நீர் நின்றது. கோடையில் அக்கிணறுகளில் நீரை ஊரார் கண்டது அதுவே முதன்முறை. பிறகு யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

இதன் இயக்கத்தை விளக்குவது மாணவர்க்குப் பயன்படும். மழைநீரை ஓரிடத்தில் பெரிய அணையால் தடுப்பது ஒரு முறை. ஓடும் நீரை நடக்கவும், நடக்கும் நீரை நிற்கவும், நிற்கும் நீரை மண்ணுள் இறங்கவும் செய்வது மற்றொரு முறை. மேட்டில் மரமும் புல்லும்; சரிவில் சம உயர வரப்புகள்; ஓடைகளில் கற்களை அடுக்கிய சிறு தடுப்புகள்; தாழ்ந்த இடத்தில் கசிவுநீர்க் குட்டை. இவ்வரிசை மாறினால் குட்டை சில ஆண்டுகளில் வண்டலால் மூடிப்போகும். புணே மாவட்டத்தில் நீர்ப் பஞ்சாயத்து இயக்கத்தை நடத்திய பொறியாளர் விலாஸ்ராவ் சாளுங்கேயிடமிருந்து ஹசாரே இத்துறையில் கற்றார். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் சென்று கற்றதும் குறிப்பிடத்தக்கதே.

நீர் வந்ததும் அதனைப் பங்கிடும் ஒழுங்கும் வந்தது. நீரை மிகுதியாக உறிஞ்சும் கரும்பு வேண்டாம் என முடிவு செய்தனர். மது, மரம் வெட்டுதல், கட்டற்ற மேய்ச்சல் ஆகியவற்றை ஊர் விலக்கியது. கால்நடைகளைக் கட்டி வைத்துத் தீனி போட்டதால் மலைச்சரிவில் புல் வளர்ந்தது, பால் பெருகியது. விளைச்சல் மிகுந்தோர் ஊர்த் தானிய வங்கிக்கு ஒரு பங்கு அளித்தனர். பஞ்சத்தில் வாடியோர் அதனைக் கடனாகப் பெற்றுத் தானியமாகவே திருப்பினர். இவற்றுக்கு அரசுத் திட்ட நிதியும் வங்கிக் கடனும் பெருமளவு துணைநின்றன என்பதையும் கூறுதல் நேர்மை. தனியொருவர் ஓர் ஊரை மாற்றினார் என்பது கேட்க இனிது. ஆனால் முழு உண்மையன்று. 1990இல் பத்மஸ்ரீ, 1992இல் பத்மபூஷண் விருதுகள் அவருக்கு வழங்கப்பட்டன. தகவல் உரிமைக்காகவும் பின்னர் 2011இல் லோக்பால் சட்டத்திற்காகவும் அவர் நடத்திய போராட்டங்கள் தனிவரலாறு. இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

இனி மறுபக்கம். ஊர்க்கூட்டத்தின் முடிவுக்கு இசைந்து பெரும்பாலோர் தம் சாராய அடுப்புகளைத் தாமே அணைத்தனர். ஆனால் குடியை விடாத சிலரைக் கம்பத்தில் கட்டி, படையில் அணிந்த இடைவாரால் அடித்ததும் உண்டு. இதனை ஹசாரே மறைக்கவில்லை. நோயுற்ற பிள்ளைக்குத் தாய் கசப்பு மருந்தை வலிந்து ஊட்டுவதில்லையா என்னும் பொருள்பட விளக்கமும் கூறினார். அவ்விளக்கம் ஏற்கத்தக்கதன்று என்பதே என் கருத்து. தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு ஊருக்கும் குடிமகனுக்கும் இல்லை. குடிமகன் பிள்ளை அல்லன். வாக்குரிமை உடைய முதிர்ந்தவன். ஊரின் தலித் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தரவும், அவர்தம் கடனைத் தீர்க்க அவர்களின் நிலத்தில் கூடி உழவும் ராளேகண் மக்கள் முன்வந்தனர், இது போற்றத்தக்கது. ஆனால் அதே ஊரில் அக்குடும்பங்கள் தம் உணவுப் பழக்கத்தை ஊரின் விருப்பத்திற்கு மாற்றிக்கொள்ள நேர்ந்ததையும், முடிவுகளில் அவர்களின் குரல் தாழ்ந்தே ஒலித்ததையும் ஆய்வாளர் முகுல் சர்மா எடுத்துக்காட்டியுள்ளார். கோவில் கட்டக் கூடிய கைகள் வேறு. இடைவார் பிடித்த கை வேறு. முன்னது இசைவைப் பெற்றது. பின்னது கட்டளை இட்டது.

கட்டளையின் நிழல் மிக மென்மையான தொண்டிலும் விழக்கூடும். இதற்குச் சான்று இங்கிலாந்தில் உண்டு. அச்சான்றில் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

லெனார்ட் செஷயர் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சு விமானி. நூறு தாக்குதல்களில் பறந்தவர். 1944இல் அந்நாட்டின் தலைசிறந்த வீர விருதாகிய விக்டோரியா சிலுவையைப் பெற்றவர். 1945 ஆகஸ்டு 9 அன்று நாகசாகியின் மீது அணுகுண்டு வீசப்பட்டதைப் பிரிட்டனின் பார்வையாளராக வானிலிருந்து கண்டவர். 1946இல் படையிலிருந்து விலகினார். போர் முடிந்து திசையறியாது நின்ற முன்னாள் வீரர்களைக் கொண்டு ஒரு கூட்டுக் குடியிருப்பை அமைத்தார். அம்முயற்சி கடனில் முடிந்தது. பெரிய திட்டம் தோற்றது. சிறிய செயல் ஒன்று நிலைத்தது.

அக்குடியிருப்பில் முன்னர்ப் பணியாற்றிய ஆர்தர் டைக்ஸ் என்பவர் புற்றுநோயின் இறுதி நிலையில் இருந்தார். மருத்துவமனையால் அவருக்குச் செய்யத்தக்கது எதுவுமில்லை. அவர் போவதற்கோ இடமில்லை. 1948இல் செஷயர் அவரை ஹாம்ப்ஷயரில் உள்ள லெ கோர்ட் என்னும் தம் பெரிய பழைய வீட்டுக்கு அழைத்து வந்தார். படுக்கையை மாற்றுவது, உடலைத் துடைப்பது, உணவூட்டுவது அனைத்தையும் விருதுபெற்ற அவ்விமானி தாமே செய்தார். சில மாதங்களில் டைக்ஸ் இறந்தார். அதற்குள் செய்தி பரவி, போக்கிடமற்ற வேறு நோயாளிகளும் உடல் ஊனமுற்றோரும் அவ்வீட்டை நாடினர். செஷயர் இல்லங்கள் பிறந்தது இவ்வாறே. 1950களின் நடுவில் மும்பையில் அத்தகைய இல்லம் தொடங்கப்பட்டது. தொண்டில் தமக்கு இணையான சூ ரைடரை அவர் மணந்ததும் 1959இல் மும்பையிலேயே. டேராடூனில் அவ்விருவர் பெயரால் விளங்கும் ரஃபேல் மையமும் அதே காலத்தது. 1992இல் செஷயர் மறைந்தார்.

இங்கும் கதை முடியவில்லை. லெ கோர்ட்டில் வாழ்ந்தோருள் இளம்வயதில் நோயால் நடக்க இயலாமற்போன பால் ஹண்ட் என்பவர் ஒருவர். அவரும் தோழர்களும் கேட்டவை பெரியன அல்ல: எப்போது உறங்கப் போவது என்பதைத் தாமே முடிவு செய்ய வேண்டும், தாம் வாழும் இல்லத்தின் நிர்வாகத்தில் தமக்கும் இடம் வேண்டும். பரிவுடன் தரப்பட்ட கூரையின்கீழ் வாழ்ந்தவர்கள், அக்கூரையின்கீழ் யார் முடிவு செய்வது எனக் கேட்டனர். பால் ஹண்ட் 1972இல் உடல் ஊனமுற்றோரின் உரிமைக்கான சங்கம் ஒன்று உருவாகக் காரணமானார். பிரிட்டனில் மாற்றுத்திறனாளர் உரிமை இயக்கத்தின் வேர்களுள் ஒன்று அவ்வீட்டில் இருக்கிறது. நன்றி மறந்தோர் என அவர்களைக் கூறிவிடுவது எளிது. அவ்வாறு கூறுவது பிழை. தொண்டு பெற்றவர் எழுந்து கேள்வி கேட்கும் அளவுக்கு ஓரிடத்தில் வலிமை பெற்றனர் எனில், அத்தொண்டு தன் வேலையைச் செய்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இதுவரை ஊருக்கு வீரர் அளித்ததை நோக்கினோம். வீரருக்கு இத்தொண்டு என்ன அளிக்கிறது என்பதும் நோக்கத்தக்கது. 2010 ஜனவரியில் ஹைட்டி நாட்டில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அமெரிக்க மரைன் படையில் பணியாற்றித் திரும்பிய ஜேக் வுட், வில்லியம் மெக்நல்ட்டி ஆகியோர் சில தோழருடனும் மருத்துவருடனும் அண்டை நாட்டு எல்லை வழியே உள்ளே சென்று காயமுற்றோருக்கு உதவினர். டீம் ரூபிகான் என்னும் அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. பேரிடர் நிகழும் இடங்களுக்கு முன்னாள் வீரர்களைத் தொண்டராக அனுப்புவது அதன் பணி. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போரிட்ட கிளே ஹண்ட் என்னும் இளைஞரும் ஹைட்டியில் உடன் உழைத்தவர். 2011இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தோழர்கள் அதிர்ந்தனர். திரும்பி வந்த வீரர் இழப்பது ஊதியத்தை மட்டுமன்று. ஒரு நோக்கத்தையும், தோளோடு தோள் நின்ற கூட்டத்தையும், தாம் யார் என்னும் தெளிவையும் இழக்கிறார் என்பதை அவர்கள் அப்போது உணர்ந்தனர். அதன்பின் அவ்வமைப்பு தன் பணியை இருமுனையாகக் கண்டது: இடருற்றோரைக் காப்பது ஒன்று, காக்கச் செல்பவரைத் தனிமையிலிருந்து காப்பது மற்றொன்று. வீரர்களின் தற்கொலையைத் தடுக்க 2015இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டம் கிளே ஹண்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தொண்டு எல்லா மனப்புண்களுக்கும் மருந்து என்று இதனால் கூறிவிட முடியாது. அவரும் தொண்டரே அல்லவா? மருத்துவமும் வேண்டும், தோழமையும் வேண்டும்.

நம் நாட்டில் அரசே முன்னாள் வீரர்களை ஒன்றுதிரட்டிய முயற்சியும் உண்டு. சுண்ணாம்புக்கல் வெட்டி வெட்டி மொட்டையாகிய முசூரி மலைச்சரிவுகளில் மரம் வளர்க்க, 1982இல் பிராந்தியப் படையின் சூழலியல் பட்டாளம் ஒன்று கார்வால் பகுதி முன்னாள் வீரர்களைக் கொண்டு அமைக்கப்பட்டது. அவர்கள் ஊதியம் பெற்றவர். ஆகவே கண்டிப்பான பொருளில் தொண்டர் அல்லர். ஆனால் தம் சொந்த மலைகளிலேயே மண்வெட்டி பிடித்தவர்கள். நட்ட கன்று பிழைக்கிறதா என்பதைப் பல ஆண்டுகள் உடனிருந்து பார்த்தவர்கள். மரநடு விழாக்கள் மலிந்த நாட்டில் இது சிறு செய்தி அன்று.

நம் மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் உள்ளன. ஓய்வூதியம், கல்வி உதவி, மறுவேலை ஆகியவற்றுக்காக வீரர் குடும்பங்கள் அவற்றை நாடுகின்றன. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7 அன்று கொடிநாள் நிதி திரட்டுகிறோம். கல்லூரி மாணவரும் உண்டியல் ஏந்துகின்றனர். கொடி ஒன்றைச் சட்டையில் குத்திக்கொண்டு காசு போடுவதுடன் நம் தொடர்பு முடிந்துவிடுகிறது. நம் தெருவிலேயே வாழும் ஓய்வுபெற்ற அவில்தாரை அழைத்து, வெள்ள காலத்தில் இவ்வூரின் எந்தத் தெருவிலிருந்து எந்த மேட்டுக்கு மக்களை அழைத்துச் செல்லலாம் எனக் கேட்டவர் எத்தனை பேர்? நாட்டு நலப்பணித் திட்ட முகாமிலும் தேசிய மாணவர் படையிலும் அவருக்கு இடம் உண்டு. கிராமசபைக் கூட்டத்திலும் உண்டு. அங்கே அவர் மற்றவரைப் போல ஒரு கை உயர்த்தும் குடிமகனாக அமர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

ஹசாரேயின் கதையில் ஓய்வூதியத்தின் பங்கை மேலே கூறினோம். 2022இல் அறிமுகமான அக்னிபத் திட்டத்தில் சேரும் வீரருக்குப் பணிக்காலம் நான்கு ஆண்டுகளே. நால்வரில் ஒருவர் வரையே நிலையான பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர் சேவாநிதி என்னும் ஒருமுறைத் தொகையைப் பெற்று, ஓய்வூதியமின்றி, இருபத்தைந்து வயதை ஒட்டிய இளைஞராகத் திரும்புவர். உடல் வலிமையும் பயிற்சியும் உடையவர்களாகவும், அதே வேளையில் பிழைப்பைத் தேடியாக வேண்டியவர்களாகவும் அவர்கள் வருவர். கோவில் அறையில் தங்கி ஓய்வூதியத்தில் உண்டு ஊருக்கு உழைக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இராது. முதலில் ஒரு வேலை. அதன்பின் வாரத்தில் சில மணிநேரம் ஊருக்கு என்பதே அவர்களால் இயலும். அந்தச் சில மணிநேரத்தை எங்கே, யாருடன், எந்தப் பணியில் செலவிடுவது என்னும் ஏற்பாட்டை அவர்கள் வருமுன்னரே செய்துவைக்க வேண்டியவர்கள் ஊராட்சியினரும் கல்லூரிகளும் ஊர்ப் பெரியோருமே ஆவர்.